எண்ணிலா உலகங்களும் ஒரு முதல் இதழும்

(நமது சங்க நூலகத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அவைத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, பின் வரிசையில் அமர்ந்து எம்மைப் பார்த்து இப்போதே சிரிக்கத் தொடங்கிவிட்ட இளைஞர்களே!

இம்மேடையில் எமக்கு முன் பேசியோர் குறளின் பெருமையையும் சிலம்பின் சிறப்பையும் எடுத்துரைத்துச் சென்றனர். அவர்கள் கற்றவர்கள். யாமோ மெட்ரிக்குலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு, பார்சல் ஆபீசில் மூட்டைகளை எண்ணிக் கணக்கெழுதும் குமாஸ்தா. ஆகவே எமது பொருளும் எமது தகுதிக்கு ஏற்றதாகவே இருக்கும். அமெரிக்காவில் 1985-ஆம் ஆண்டு ஏப்ரல் எனத் தேதியிட்டு, 75 சென்ட் விலைக்கு வெளிவந்த ஒரு படக்கதை இதழைப் பற்றியே இன்று பேச வந்தோம்.

'இதற்கா ஒரு கூட்டம்?' என்று முன் வரிசையில் ஒரு பெரியவர் முணுமுணுப்பது எம் காதில் விழுகிறது. அவர் கேட்பது நியாயமே. சென்ற ஆண்டு நூலகக் குழு கூடியபொழுது, நம்மிடமுள்ள இரண்டு அலமாரிகளில் ஓர் அடுக்கு முழுவதையும் பழைய காமிக்ஸ் புத்தகங்கள் அடைத்துக்கொண்டிருக்கின்றன, அவற்றை எடைக்குப் போட்டுவிட்டு அவ்விடத்தில் நல்ல நூல்களை வைப்போம் என்று ஒரு தீர்மானம் நிறைவேறியது. அத்தீர்மானத்தில் கையொப்பமிட்டோரில் யாமும் உண்டு. மறைப்பானேன், அதனை வழிமொழிந்ததே யாம்தாம். எமது வீடு நூலகத்திற்கு அடுத்த வரிசையில் இருப்பதால், கட்டுகளை எமது தாழ்வாரத்தில் வைத்துப் பழைய பேப்பர்காரரிடம் ஒப்படைக்கும் பொறுப்பும் எமக்கே வந்தது.

அப்பொழுது எமது மூத்த மகன் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். படித்துக்கொண்டிருந்தான் என்று யாம் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் கணக்குப் புத்தகத்தின் நடுவே வேறொன்று இருக்கக் கண்டோம். கல்கத்தாவில் காலேஜ் தெருப் பழைய புத்தகக் கடையில், கையிலிருந்த சில்லறையைச் சேர்த்து அவன் வாங்கிவந்த ஆங்கிலக் காமிக்ஸ் இதழ் அது. யாம் அதைப் பிடுங்க, அவன் விடாது பிடிக்க, ஒரு மூலை கிழிந்தது. அவனுடைய மற்றப் புத்தகங்களையும் சேர்த்துப் பார்சல் சணலால் கட்டி, தாழ்வாரத்தில் நூலகக் கட்டுகளோடு போட்டோம். அவன் ஒன்றும் பேசவில்லை. அன்றும் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. பதினொரு நாள் எம்மோடு பேசவே இல்லை.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பழைய பேப்பர்காரர் தராசோடு வந்தார். சணல் இற்றிருந்ததோ, யாம் முடிச்சுப் போட்ட இலட்சணமோ, தூக்கியதும் கட்டு அவிழ்ந்தது. அந்த இதழ் எம் காலடியில் விரிந்து விழுந்தது. விரிந்த பக்கத்தில், உலகம் இடிந்து விழுந்துகொண்டிருக்க, ஒரு தாயும் தந்தையும் தம் கைக்குழந்தையை ஒரு சிறு கலத்தில் வைத்து அனுப்பிக்கொண்டிருந்தனர். எத்தனை நேரம் அப்படத்தைப் பார்த்து நின்றோமோ அறியோம். பேப்பர்காரர் இருமுறை கனைத்தார். அடுத்த வாரம் வாருங்கள் என்று அவரை அனுப்பிவிட்டோம். அவருக்குச் சொன்ன 'அடுத்த வாரம்' இன்னும் வரவில்லை.

அவ்விதழின் பெயர் 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்', முதல் இதழ். எண்ணிலா உலகங்களுக்கு நேர்ந்த நெருக்கடி என்று தமிழில் கூறலாம். வெளியிட்டது டி.சி. காமிக்ஸ் நிறுவனம். கதை எழுதியவர் மார்வ் வுல்ஃப்மன்; சித்திரம் தீட்டியவர் ஜார்ஜ் பெரேஸ்; பென்சில் கோடுகளின்மேல் மை தீட்டியவர் டிக் ஜியோர்டானோ. பன்னிரண்டு இதழ்கள் கொண்ட அத்தொடர் 1986 மார்ச் இதழோடு முடிந்தது. ஒரு நிறுவனம் வெளியிடும் பல தொடர்களின் நாயகர்களை ஒரே பெருங்கதையில் ஒன்றுகூட்டுவதும், அக்கதையின் கிளைகளை மற்றத் தொடர்களிலும் படரவிடுவதும் அந்நாட்டில் இன்று வழக்கமாகிவிட்டன. அப்பழக்கம் வேரூன்றிய காலத்து நூல்களுள் இது தலையாயது. இதற்கு ஓராண்டு முன்னர், 1984-இல், போட்டி நிறுவனமாகிய மார்வெல் 'சீக்ரெட் வார்ஸ்' என்ற தொடரைத் தொடங்கியது. அது பொம்மை விற்பனையை ஒட்டிப் பிறந்தது. டி.சி.யின் தொடர் கணக்கை நேர்செய்யப் பிறந்தது. குமாஸ்தாவாகிய எமக்கு இதன்மேல் பற்று உண்டானதில் வியப்பில்லை.

அது என்ன கணக்கு என்பதைச் சற்று விரித்துரைக்க வேண்டும். சூப்பர்மேன் என்னும் மாவீரன் 1938-இல் பிறந்தான். ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் அவனைப் படைத்தனர். சீகலின் பெற்றோர் ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதர்கள். ஷஸ்டர் கனடாவில் பிறந்து அமெரிக்கா வந்தவர். பிறந்த உலகம் அழிய, பெற்றோரால் கலத்தில் வைத்து அனுப்பப்பட்டு, வேற்று மண்ணில் வேற்றுப் பெயரோடு வளர்ந்த பிள்ளையின் கதையைக் குடியேறிகளின் வீட்டுப் பிள்ளைகள் எழுதியதில் பொருத்தம் உண்டு. இருவரும் அந்நாயகனின் உரிமையை 130 டாலருக்கு விற்றுவிட்டனர் என்பது தனித் துயரக்கதை. அதனை மற்றொரு கூட்டத்திற்கு வைத்துக்கொள்வோம்.

ஆண்டுகள் செல்லச் செல்ல ஒரு சிக்கல் எழுந்தது. 1940-இல் ஃபிளாஷ் என்ற வேக வீரன் ஒருவன் தோன்றினான். அவன் கதை நின்றபின், 1956-இல் அதே பெயரில் வேறொருவனைப் படைத்தனர். இருவரும் எங்ஙனம் ஒரே உலகில் இருத்தல் கூடும்? 1961-இல் கார்ட்னர் ஃபாக்ஸ் என்ற எழுத்தாளர் அதற்கு அழகிய விடை ஒன்று கண்டார். புதிய வீரன் அளவிறந்த வேகத்தில் அதிர்ந்து, வேறோர் உலகிற்குள் நுழைந்துவிடுகிறான். அங்கே பழைய வீரன் வயது முதிர்ந்து மனைவியோடு வாழ்கிறான். இதில் சுவை என்னவெனில், புதியவன் சிறுவயதில் காமிக்ஸ் புத்தகத்தில் படித்து மகிழ்ந்த நாயகனே அந்தப் பழையவன். தான் படித்த கதையின் நாயகனை நேரில் சந்திக்கும் பேறு யாருக்குக் கிட்டும்!

அன்று தொடங்கி உலகங்கள் பெருகின. முதல் உலகம், இரண்டாம் உலகம் என்று எண்ணிட்டனர். 1964-இல் மூன்றாம் உலகம் வந்தது; அங்கே மாவீரர் அனைவரும் கொள்ளைக்காரர். பிற நிறுவனங்களிடமிருந்து வாங்கிய நாயகர்களுக்கும் தனித்தனி உலகங்கள் ஒதுக்கப்பட்டன. நம் இரயில்வேயில் இருப்போர்க்கு இது எளிதில் விளங்கும். 1951-க்கு முன்னர் தென்னிந்திய இரயில்வே, மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா, மைசூர் என்று தனித்தனிக் கம்பெனிகளும் தனித்தனிக் கணக்குகளும் இருந்தன அல்லவா? அவற்றை இணைத்துத் தென்னக இரயில்வே என்று ஒன்றாக்கினார்கள். டி.சி. நிறுவனத்திலோ, வாங்கிய கம்பெனிகளை இணைக்காமல் பக்கம் பக்கமாகப் பேரேட்டில் வைத்துக்கொண்டே போனார்கள். எந்த நாயகன் எந்த உலகத்தான், யார் யாரை அறிவார், யாருக்கு எத்தனை வயது என்பது எழுதுவோர்க்கே குழம்பிப் போயிற்று. வுல்ஃப்மன் ஒரு தொடரின் ஆசிரியராக இருந்தபொழுது, இத்தகைய முரண்பாடு ஒன்றைச் சுட்டிக்காட்டி ஒரு வாசகர் கடிதம் எழுதினாராம். அதற்கு விடை எழுதுகையில் உதித்த எண்ணமே இத்தொடருக்கு வித்து. ஒரு கம்ப்ளெயின்ட் புத்தகத்தில் எழுதிய நாலு வரி இத்தனை வேலை செய்ததாக எமது இருபது ஆண்டு உத்தியோகத்தில் யாம் கண்டதில்லை.

நிறுவனத்தின் ஐம்பதாம் ஆண்டாகிய 1985-இல் வேலை தொடங்கிற்று. பழைய இதழ்கள் அனைத்தையும் படித்துக் குறிப்பெடுக்கவென்றே ஒருவரை அமர்த்தினர். எல்லா உலகங்களையும் அழித்து ஒன்றாக்கி, ஒரே வரலாறு, ஒரே கணக்கு என்று ஆக்குவதே நோக்கம்.

இனி முதல் இதழின் கதைக்கு வருவோம். தொடக்கத்தில் வெறும் இருள். அதனின்று வெடித்த ஒளி ஒரே அண்டமாக இராது எண்ணிறந்த அண்டங்களாகப் பிளந்துவிடுகிறது. அடுத்த பக்கங்களிலேயே ஓர் உலகம் சாகிறது. அதனைக் கொல்வது பேயோ பூதமோ அன்று. வெண்மையான ஒரு சுவர். எதிர்ப்பொருளாலான அச்சுவர் ஓசையின்றி நகர்ந்து வருகிறது. அது பட்ட இடமெல்லாம் அழிந்து, வரையப்படாத வெற்றுத் தாளாகிவிடுகிறது. தீயையும் புகையையும் எவரும் வரைவர். ஒன்றுமில்லாமையை வரைந்து வாசகனை நடுங்க வைத்தார் பெரேஸ்.

அவ்வழிவின் நடுவே பரையா என்று ஆங்கிலத்தில் பெயரிடப்பட்ட ஒருவன் தோன்றுகிறான். ஆம், நம் தமிழ் நாட்டிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல்தான் அது. ஒரு மக்கட்பிரிவின் பெயரை எடுத்து, ஒதுக்கப்பட்டவன் என்று பொதுப்பொருளாக்கி உலகெங்கும் பரப்பிவிட்டனர். நியூயார்க்கில் அமர்ந்து அக்கதையை எழுதியவர் அதை நினைத்திருக்கமாட்டார். எமக்கு மட்டும் அவ்விடத்தில் நெஞ்சு உறுத்திற்று. அதனைச் சொல்லாது கடந்து செல்ல மனம் ஒப்பவில்லை. அவன் செய்வது யாது? எந்த உலகம் அழியப் போகிறதோ அவ்வுலகிற்கு அவன் இழுக்கப்படுகிறான். அழிவைத் தடுக்க இயலாது. அதில் மடியவும் இயலாது. பார்க்கிறான், அழுகிறான், அடுத்த உலகிற்கு இழுக்கப்படுகிறான். நள்ளிரவில் ஊரிலிருந்து சாவுச் செய்தி வந்து, மூன்றாம் நாள் காரியத்துக்குக்கூடப் போய்ச் சேர இயலாத நம்மவருக்கு அவன் அழுகையை விளக்கிக் கூற வேண்டியதில்லை.

பின்னர் மூன்றாம் உலகம். எம் காலடியில் விரிந்து கிடந்த பக்கம் இங்கேதான் வருகிறது. கொள்ளைக்கார மாவீரர் ஐவரும் அன்று மட்டும் தம் தொழிலை மறந்து உலகைக் காக்க முனைகின்றனர். வலிமை மிக்க அல்ட்ராமேன் அவ்வெண்சுவரை நோக்கி நேரே பாய்ந்து மறைகிறான். வெல்ல முடியாதென்று அறிந்தே பாய்கிறான். வாழ்நாளெல்லாம் தீயவனாக இருந்தவனுக்கு இப்படி ஒரு முடிவு.

அவ்வுலகில் நல்லவன் ஒருவனே. அவன் பெயர் லூத்தர். சூப்பர்மேன் கதைகளை அறிந்த பிள்ளைகள் இப்பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருகின்றனர். ஏனெனில் மற்ற உலகில் அப்பெயருடையவன் சூப்பர்மேனின் பெரும் பகைவன். இங்கோ அவன் அறிவாளி, அன்புள்ள கணவன், ஒரு கைக்குழந்தைக்குத் தந்தை. அவன் மனைவியின் பெயர் லோயிஸ். மற்ற உலகில் அவள் சூப்பர்மேனின் காதலி. இருவரும் தம் மகனைச் சோதனைக் கலம் ஒன்றில் வைத்து, வேறோர் உலகை நோக்கி அனுப்பிவிட்டு, ஒருவரையொருவர் தழுவியபடியே வெண்மையில் கரைகின்றனர். 1938-இல் சூப்பர்மேனின் பெற்றோர் செய்த அதே செயலை 1985-இல் அவன் பகைவனின் பெயரைத் தாங்கியவன் செய்கிறான். இந்த மாற்றத்தை விளக்கி ஒரு சொல்லும் அங்கே எழுதவில்லை. தெரிந்தவன் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அக்குழந்தையின் முகத்தைப் பார்த்தபொழுது எமக்கு நினைவு வந்தது வேறு. செங்கோட்டைப் பக்கம் எமது ஊர். வேலைக்கு உத்தரவு வந்து யாம் புறப்பட்ட நாளில் எம் தந்தையார் தகரப் பெட்டியை மீட்டர் கேஜ் வண்டியின் பலகைக்கு அடியில் தள்ளி வைத்தார். பிறகு பிளாட்பாரத்தில் இறங்கி நின்றார். கையசைக்கவில்லை. வண்டி நகரும்போது, 'கடுதாசி போடு' என்று மட்டும் சொன்னார். கலத்தில் வைத்து அனுப்புவதென்றால் அவ்வளவுதான். அனுப்பியவர் முகம் நமக்குத் தெரிகிறது. அனுப்பப்பட்டவன் போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன ஆவான் என்பது அவருக்குத் தெரியாது.

கதையின் பிற்பகுதியைச் சுருங்கக் கூறுவோம். மானிட்டர் என்றொருவர் தம் விண்கலத்தில் இருந்து அனைத்தையும் கவனிக்கிறார். ஒவ்வோர் அண்டம் அழியும்போதும் அவர் வலிமை குறைகிறது. அவர் வளர்த்த பெண் லைலா. அவள் ஹார்பிஞ்சர் என்னும் உருவெடுத்துப் பல உடல்களாகப் பிரிந்து, பல உலகங்களுக்கும் பல காலங்களுக்கும் சென்று வீரர்களை அழைத்து வருகிறாள். பண்டைய அட்லாண்டிஸ் நாட்டுக்குச் சென்ற உடலை மட்டும் வழியில் ஒரு தீய நிழல் பற்றிக்கொள்கிறது. அவளுக்கே அது தெரியாது. நான்காம் இதழில் அந்நிழல் அவள் கையாலேயே அவளை வளர்த்தவரைக் கொல்கிறது. வரப்போகும் கேட்டை முதல் இதழிலேயே விதைத்துவிடும் துணிவு எமக்குப் பிடித்தது.

யார் யாரை அழைத்தார்கள் என்பதில்தான் ஒரு நுட்பம் உண்டு. பேட்மேன் வரவில்லை. பெரிய பெயர்களில் வந்தது இரண்டாம் உலகத்துச் சூப்பர்மேன் ஒருவனே. அவனும் காதோரம் நரைத்தவன். மற்றவர் யார்? கொரில்லாக்களின் அரசன் ஒருவன், இறக்கை முளைத்த பெண் ஒருத்தி, பாதி இயந்திரமான இளைஞன் ஒருவன், நீல வண்டு என்று பெயர்கொண்ட ஒருவன். தீயவரும் சிலர் உண்டு. நமது ஆண்டு விழாவுக்கு நாற்காலி தூக்க வருவோரைப் போல என்று எம் மகனிடம் கூறினோம். பெரியவர்கள் மாலை போடும் நேரத்துக்கு வருவார்கள். முதல்நாள் இரவு பந்தல் கட்ட வருவோர் வேறு. அவன் சிரித்தான். பதினொரு நாள்களுக்குப் பின் அவன் எம்மிடம் சிரித்தது அதுவே முதன்முறை.

குறைகளையும் மறைக்கலாகாது. புதிதாகப் படிப்போர்க்கு இவ்விதழ் எளிதில் விளங்காது. ஒரு பக்கத்தில் ஐந்தாறு பெயர்கள் வருகின்றன. எவரும் இயல்பாகப் பேசுவதில்லை. தாம் யார், தம் ஆற்றல் யாது என்று ஒவ்வொருவரும் முழங்குகின்றனர். ஒரு தீயவளைப் பணிய வைப்பதற்காக, அவள் வெறுக்கும் ஒருவன்மீதே அவளுக்குக் காதல் உண்டாகும்படி மந்திரம்போல் ஏதோ செய்கின்றனர். அதனை வேடிக்கையாகக் காட்டியிருப்பது எமக்குச் சிறிதும் உவப்பாக இல்லை. எமது இல்லத்தரசி அதைக் கேட்டுவிட்டு, 'இதற்குப் பெயர்தான் மாவீரமோ?' என்று அடுக்களையிலிருந்தே வினவினார். அதற்கு எங்களிடம் விடை இல்லை.

சித்திரத்தைப் பற்றி ஒரு சொல். ஜார்ஜ் பெரேஸ் 1954-இல் நியூயார்க்கில் பிறந்தவர். பெற்றோர் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்கள். இருபது பேர் நிற்கும் கூட்டத்தை வரையச் சொன்னால், மற்றவர் முன்னால் நான்கு முகத்தை வரைந்துவிட்டுப் பின்னால் நிழல் தீட்டிவிடுவர். இவரோ இருபது பேருக்கும் இருபது முகம், இருபது நிற்கும் விதம் வரைவார். கடைசி வரிசையில் இருப்பவனும் தன்னுடைய கதையில் தான் நாயகன் அல்லவா! 2022 மே மாதம் அவர் மறைந்த செய்தியைத் தான் அப்போதே படித்ததாக மகன் கூறினான். ஒரே வீட்டில் வாழ்ந்தும், அன்று அவன் ஏன் சோர்ந்திருந்தான் என்று யாம் கேட்டிருக்கவில்லை.

எமது இளைய மகளுக்காக மூவருமாக அமர்ந்து இதழை மீண்டும் படித்தோம். யாம் அகராதி பார்க்க, மகன் ஆங்கிலத்தை விளக்க, யாம் தமிழில் சொல்ல என்று எட்டு இரவுகள் ஆயின. 'அந்தப் பாப்பா என்ன ஆச்சு?' என்பதே அவள் ஓயாத கேள்வி. அடுத்தடுத்த இதழ்களில் அவன் சில நாள்களிலேயே வளர்ந்து இளைஞனாகிவிடுகிறான் என்று மகன் கூறினான். 'எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான்' என்றார் எமது இல்லத்தரசி.

தொடரின் முடிவில் உலகங்கள் அனைத்தும் ஒன்றாயின. ஏழாம் இதழில் சூப்பர்கேர்ல் மடிந்தாள். எட்டாம் இதழில் 1956-இல் தோன்றிய ஃபிளாஷ் மடிந்தான். அழிந்த உலகங்கள் இருந்ததையே பெரும்பாலோர் மறந்துபோகும்படி வரலாறு புதிதாக எழுதப்பட்டது. இது சரியா, தவறா என்று எங்கள் வீட்டில் ஒரு பெரிய வழக்கே நடந்தது. யாம் முதலில் சரி என்ற கட்சியில் இருந்தோம். 1992-இல் இரயில்வே தொடங்கிய ஒரே பாதைத் திட்டத்தை எடுத்துக்காட்டினோம். மீட்டர் கேஜ், பிராட் கேஜ் என்று இருந்த நாளில், பாதை மாறும் ஜங்ஷனில் ஒவ்வொரு மூட்டையையும் ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றொரு வண்டியில் ஏற்ற வேண்டும். உடைவது எத்தனை, காணாமற்போவது எத்தனை! ஒரே பாதையானால் எழுதுகிறவனுக்கும் நிம்மதி, அனுப்புகிறவனுக்கும் நிம்மதி.

மகன் பொறுமையாகக் கேட்டான். பிறகு, 'அப்பா, செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும் பழைய மலைவண்டியைப் பற்றி நீங்கள்தானே வாரம் ஒருமுறை கதை சொல்வீர்கள்?' என்றான்.

எமக்குப் பேச்சு எழவில்லை. 1904-இல் திறந்த அந்த மலைப்பாதை மீட்டர் கேஜ் 2010-இல் மூடப்பட்டது. 2018-இல் அகலப் பாதையாக மீண்டும் திறந்தார்கள். பதின்மூன்று கண் பாலம் இன்றும் நிற்கிறது. அதன்மேல் இன்று ஓடுவது அகல வண்டி. எந்தச் சாமானும் இப்போது வழியில் இறக்கி ஏற்றப்படுவதில்லை. கணக்கு நேராகிவிட்டது. ஆயினும், எம் தந்தையார் பெட்டியைத் தள்ளி வைத்த அந்தப் பலகைப் பெட்டி எந்தக் கணக்கில் இருக்கிறது?

டி.சி. நிறுவனத்தின் கணக்கும் நெடுநாள் நேராக நிற்கவில்லை. 1994-இலேயே மீண்டும் திருத்த வேண்டியதாயிற்று. 2005-இல் 'இன்ஃபினிட் கிரைசிஸ்' என்று இரண்டாம் தொடரைத் தொடங்கினர். அதன் பின்னர் ஐம்பத்திரண்டு உலகங்கள் திரும்பி வந்தன. 2019-இலும் 2020-இலும் இக்கதையே தொலைக்காட்சியில் ஐந்து பகுதிகளாக ஓடியது.

அந்த 2005-ஆம் ஆண்டுத் தொடரைப் பற்றி மகன் எம்மிடம் சில வாரம் மறைத்துவிட்டான். ஒருநாள் இரவுப் பணிக்கு யாம் புறப்படும் நேரத்தில், எமக்குச் சாப்பாட்டு அடுக்கை எடுத்துக் கொடுத்துக்கொண்டே கூறினான். அந்தக் குழந்தை, கலத்தில் வைத்து அனுப்பப்பட்ட அதே பிள்ளை, இரண்டாம் தொடரில் தீயவனாகிவிடுகிறானாம். உலகங்கள் ஒன்றானபின் அவனும் இன்னும் மூவரும் ஒரு தனியிடத்தில் ஒதுங்கி இருந்து, புதிய உலகைப் பார்த்துக்கொண்டே இருக்கின்றனர். பார்க்கப் பார்க்க அவ்வுலகம் கெட்டுவிட்டதாக அவனுக்குத் தோன்றுகிறது. பழையவற்றுள் ஒன்றைத் தேடியெடுத்துக் குறையற்ற உலகம் ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று வெறி கொண்டு, எத்தனையோ உயிர்களைப் பலி கொடுக்கிறான்.

'அவன் பெற்றோர் அவனை அனுப்பியது இதற்கா?' என்று கேட்டோம்.

'அவன் பிறந்த உலகத்தைப் பற்றி அவனிடம் பேச ஒருவரும் இல்லை, அப்பா. வந்து சேர்ந்த உலகத்திலும் அவன் ஒருநாளும் இறங்கி வாழவில்லை. வெளியே இருந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டான்' என்றான் பதினாறு வயதுப் பிள்ளை.

அன்றிரவு பார்சல் ஆபீசில் எம் கணக்கு இருமுறை தவறியது.

பெரியோர்களே, நாம் இந்தக் கரக்பூரில் சிலர் மூன்று தலைமுறையாக இருக்கிறோம். நம் பிள்ளைகளுக்கு நாம் இரண்டையும் செய்கிறோமா என்று அன்று எண்ணத் தொடங்கினோம். ஊரைப் பற்றிப் பேசுகிறோம். ஆனால் இவ்வூரில் இறங்கி வாழ விடுகிறோமா? எதிர்வீட்டு வங்காளப் பிள்ளைகள் 'பாந்துல் தி கிரேட்' படித்துச் சிரிக்கும்போது, நம் பிள்ளைகளை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தியவர்களுள் யாமும் உண்டு. நாராயண் தேவ்நாத் 1965-இல் படைத்த அந்த வங்காள மாவீரனின் புத்தகங்களை அவர்கள் பாட்டனும் பேரனும் சேர்ந்து படிக்கின்றனர். 2021-இல் நம் நாட்டு அரசு அச்சித்திரக்காரருக்குப் பத்மஸ்ரீ வழங்கிச் சிறப்பித்தது. அவர்கள் அப்புத்தகங்களை எடைக்குப் போடுவதாக யாம் கேள்விப்படவில்லை. நமக்கும் 1972-இல் சிவகாசியிலிருந்து 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கிய முத்து காமிக்ஸ் இருக்கிறது. அதனைப் போர்வைக்குள் ஒளித்துப் படித்து, தந்தையாரிடம் அடி வாங்கியவரே இன்று உங்கள்முன் நிற்கிறார்.

முதல் இதழ் எங்ஙனம் முடிகிறது என்று இன்னும் சொல்லவில்லை. அழைத்து வரப்பட்ட வீரர்கள் விண்கலத்தில் திகைத்து நிற்கின்றனர். நிழற்பேய்கள் தாக்குகின்றன, அடித்தாலும் அவை அடிபடுவதில்லை. அப்போது ஒளி பாய்ந்து அவற்றை ஓட்டுகிறது. மானிட்டர் முதன்முறையாக எல்லோர்க்கும் முன்னர் வந்து நின்று, தாமே அவர்களை வரவழைத்ததாகவும், அவர்களுடைய அண்டங்கள் அழியும் தறுவாயில் இருப்பதாகவும் கூறுகிறார். அவ்வளவோடு இதழ் முற்றும். அடுத்த மாதம்வரை அமெரிக்கப் பிள்ளைகள் காத்திருந்தனர். எம் மகனுக்கு இரண்டாம் இதழ் காலேஜ் தெருவில் கிடைக்க ஏழு மாதம் ஆயிற்று. அதனைத் தேடி இருவருமாகவே போனோம்.

நூலகக் குழுவின் தீர்மானத்தை வழிமொழிந்த யாமே, அதனைத் திரும்பப் பெறுமாறு எழுத்து மூலம் விண்ணப்பித்திருக்கிறோம். முடிவு குழுவினுடையது. அதுவரை கட்டுகள் எமது தாழ்வாரத்தில் மழை படாமல் பத்திரமாக இருக்கின்றன. எம் மகன் தன் முதல் இதழை நூலகத்திற்குக் கொடுக்கச் சம்மதித்துவிட்டான். கேட்கத் தயங்கினோம், தானாகவே கொண்டுவந்து கொடுத்தான். வருகைப் பதிவேட்டில் அதற்கு எண் இட்டாயிற்று. படிக்க விரும்புவோர் கையொப்பமிட்டு எடுத்துச் செல்லலாம். இரண்டு வாரத் தவணை. ஒன்பதாம் தாளின் மேல்மூலை ஒட்டப்பட்டிருக்கும். அது எம் கையால் கிழிந்தது; ஒட்டியதும் எம் கைதான். பசை இன்னும் முழுதும் காயவில்லை. சற்றே மெதுவாகப் புரட்டுக.